ஓலை இருந்தும் வழக்குத் தோற்பதேன்?

1872-ஆம் வருஷத்தில் ஸ்டீபன் என்னும் ஆங்கிலேய நியாய நிபுணர் வகுத்துத் தந்த இந்தியச் சாக்ஷியச் சட்டம் நூற்றைம்பது வருஷங்களுக்கு மேலாக இந்நாட்டு நியாயஸ்தலங்களில் ஆட்சி செலுத்தியது. 2024-ஆம் வருஷம் ஜூலை 1-ந் தேதி முதல் அதன் ஸ்தானத்தைப் பாரதீய சாக்ஷ்ய அதிநியம் பெற்றுக்கொண்டது. அச்சமயம் புதிய சட்டத்தின் பெயரைப் பற்றி வாதங்கள் நிகழ்ந்தன. பிரிவுகளின் எண் மாறியதைப் பற்றியும் வக்கீல்கள் குறைபட்டுக் கொண்டனர். அவ்வாதங்களெல்லாம் இருக்கட்டும். தோவாளையிலோ விளவங்கோட்டிலோ அரை ஏக்கர் நஞ்சையை நம்பிக் குடும்பம் நடத்தும் ஒரு குடியானவனுக்கு, பிரிவு தொண்ணூறா தொண்ணூற்றிரண்டா என்பது பெரிய விஷயமன்று. தன் பாட்டன் எழுதி வாங்கிய பத்திரம் பெட்டியில் இருக்க, தான் ஏன் முன்சீப் கோர்ட்டில் தோற்றோம் என்பதே அவன் நெஞ்சை அரிக்கும் கேள்வி. அக்கேள்விக்கு விடை காண வேண்டியவர்கள் வக்கீல்கள்; கேட்க வேண்டியவர்கள் ஜனங்கள். இருசாராருக்கும் பொதுவாகச் சில வார்த்தைகள் கூற விரும்புகிறோம்.

சிவில் வியாஜ்யங்களில் உண்மை இல்லாதவன் தோற்பது நியாயம். அதைப் பற்றி நமக்கு வருத்தமில்லை. உண்மை தன் பக்கம் இருந்தும், அதனை நியாயஸ்தலம் ஏற்கும் முறையில் ருஜுப்படுத்தாமையால் தோற்கிறவர்கள் உண்டு. அவர்களுக்கு நேரும் நஷ்டம் நிலத்தோடு நிற்பதில்லை. நியாயம் என்று ஒன்று உண்டு என்னும் நம்பிக்கையே அவர்களை விட்டுப் போகிறது. ஆகவே சாக்ஷியங்களைக் கையாளும் திறமை வக்கீலின் தொழில் நுணுக்கம் மாத்திரமன்று. அது ஒரு பொதுஜனக் காரியமுமாகும்.

சாக்ஷிய முறை என்பது வெள்ளைக்காரன் கப்பலில் கொண்டுவந்து இறக்கிய சரக்கு என்று நினைப்பவர்கள் பெரிய புராணத்தை ஒருமுறை புரட்டிப் பார்ப்பார்களாக. சுந்தரரின் திருமணப் பந்தலுக்கு ஒரு முதியவர் வந்து, ‘நீ எனக்கு அடிமை, உன் பாட்டன் எழுதிய ஓலை என்னிடம் உண்டு’ என்று வாதாடிய கதையைத் தமிழ்நாட்டில் அறியாதார் சிலரே. சுந்தரர் அவ்வோலையைப் பறித்துக் கிழித்துவிடுகிறார். வழக்குத் திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்குச் செல்கிறது. முதியவரோ, கிழிக்கப்பட்டது படியோலை என்றும், மூலவோலை தம்மிடம் பத்திரமாக இருக்கிறதென்றும் கூறி அதனை எடுத்து நீட்டுகிறார். சபையார் அதை வாங்கி வாசிப்பதோடு நின்றுவிடவில்லை. பாட்டனாரின் கையெழுத்துள்ள வேறோர் ஓலையை வருவித்து, இரண்டையும் ஒப்புநோக்கிய பிறகே தீர்ப்புச் சொல்லுகின்றனர். மூலம் எது, நகல் எது, கையெழுத்து யாருடையது, அதை ஒப்பிட வேறு தஸ்தாவேஜு உண்டா என்ற கேள்விகள் அத்தனையும் இன்றைய முன்சீப் கோர்ட்டிலும் கேட்கப்படுகின்றன. பன்னிரண்டாம் நூற்றாண்டிலேயே தமிழ்க் காவியம் ஒன்று இவ்வளவு நுட்பமாக ஒரு சிவில் விசாரணையை வருணிக்குமாயின், இம்முறை நமக்குப் புதிதென்று எங்ஙனம் கூறுவது?

இனி நாஞ்சில் நாட்டின் நிலைமையைக் கவனிப்போம். தமிழ்நாட்டின் பெரும்பாலான ஜில்லா வக்கீல்களுக்கு இல்லாத ஒரு சுமை நாகர்கோவில், பத்மநாபபுரம், குழித்துறை வக்கீல்களுக்கு உண்டு. அகஸ்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுக்காக்களும் 1956-ஆம் வருஷம் நவம்பர் 1-ந் தேதி சென்னை ராஜ்யத்தோடு சேரும்வரை திருவிதாங்கூரையும், பின்னர் திருவிதாங்கூர் - கொச்சியையும் சார்ந்திருந்தவை. ஆகவே இங்குள்ள மூலப் பத்திரங்களில் அநேகம் கொல்லம் ஆண்டைக் கொண்டவை. பல மலையாளத்தில் எழுதப்பட்டவை. பணமும் சக்கரமும் விலையாகக் குறிக்கப்பட்டவை. நிலத்தின் அளவை ஏக்கரில் சொல்லாமல் கோட்டை, மரக்கால் விதைப்பாட்டில் சொல்பவை. அழகியபாண்டியபுரம் முதலியார் இல்லத்தில் கிடைத்த ஓலைகளைக் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை ஆராய்ந்ததும், பின்னர் அ. கா. பெருமாள் அவற்றைப் பதிப்பித்ததும் இலக்கிய அன்பர்கள் அறிந்த செய்தி. அவ்வோலைகள் சரித்திரக்காரர்களுக்குப் பொக்கிஷம். அவற்றின் தம்பி தங்கைகள் போன்ற பத்திரங்களோ சாமானியக் குடும்பங்களின் பரணில் கிடந்து, கறையானுக்கு இரையாகாமல் தப்பியவை மட்டும், வழக்கு வந்த அன்று வக்கீலின் மேஜைக்கு வந்து சேருகின்றன.

அவற்றை வாசிக்கத் தெரியாத வக்கீல் என்ன செய்வார்? ஒரு சிறு உதாரணம் காட்டுவோம். கொல்லம் ஆண்டு ஆவணி மாதம் முதல் தேதியில் பிறப்பது. ஆகையால் ஆவணி முதல் டிசம்பர் முடிய உள்ள தேதிக்கு 824-ஐயும், ஜனவரி முதல் ஆடி முடிய உள்ள தேதிக்கு 825-ஐயும் கூட்டினாலன்றிச் சரியான ஆங்கில வருஷம் கிடைக்காது. 1101 ஐப்பசியில் எழுதிய பத்திரம் 1925-ஐச் சேர்ந்தது. அதே 1101 மாசியில் எழுதியது 1926-ஐச் சேர்ந்தது. நாஞ்சில் நாட்டு வேளாளரிடையே வழங்கிய மருமக்கள் வழித் தாயமுறையை மாற்றி மக்களுக்கு உரிமை வழங்கிய திருவிதாங்கூர்ச் சட்டம் வந்ததும் அதே 1926-ஆம் வருஷந்தான். கூட்டலில் ஒரு வருஷம் பிழைத்தால் ஒரு பாகபத்திரம் சட்டத்திற்கு முந்தியதா பிந்தியதா என்பதே மாறிவிடும். மருமகன் சொத்து மகனுக்கும் மகன் சொத்து மருமகனுக்கும் போய்விடும். அம்முறையால் விளைந்த குடும்பக் கலகங்களையும் கோர்ட்டுச் செலவுகளையும் கவிமணி தமது ‘மருமக்கள் வழி மான்மிய’த்தில் நகைச்சுவை ததும்ப வருணித்திருக்கிறார். நாஞ்சில் நாட்டார் அதைப் படித்துச் சிரித்தனர்; சிரித்துக்கொண்டே சிந்திக்கவும் செய்தனர். சட்டம் மாறிற்று, ஆனால் பழைய தாயமுறையில் பிறந்த பத்திரங்கள் இன்னும் உயிரோடிருக்கின்றன.

இன்னொன்று. பழைய பத்திரத்தில் ‘பாட்டம்’ என்ற சொல்லைக் கண்டவுடனே, இது வெறும் குத்தகை, இதில் உரிமை ஒன்றுமில்லை என்று முடிவு கட்டிவிடுவோர் உளர். பண்டாரப்பாட்ட நிலங்களை அனுபவித்து வந்த குடிகளுக்கு அந்நிலங்களின் பூரண உரிமையை, விற்கவும் வாரிசுக்கு விடவும் தக்கதாக, 1865-ஆம் வருஷத்துத் திருவிதாங்கூர் அரசப் பிரகடனம் வழங்கிவிட்டது. அச்சரித்திரம் அறியாத வக்கீல் தம் கட்சிக்காரரின் மிகச் சிறந்த ஆயுதத்தை எதிரியின் கையிலே கொடுத்துவிடுவார். ஆகவே நாஞ்சில் நாட்டில் சிவில் வக்கீலாக விளங்க விரும்பும் இளைஞர், சட்டப் புஸ்தகத்தோடு இந்நாட்டுச் சரித்திரத்தையும் மலையாள எழுத்தையும் கற்றாக வேண்டும் என்பது நமது திடமான அபிப்பிராயம்.

பத்திரத்தை வாசித்தாகிவிட்டது. அதன் பிறகு செய்யத்தக்கது யாது? அநேகர் கருதுவது போல, சாக்ஷியம் என்பது விசாரணை தினத்தன்று தொடங்கும் காரியமன்று. கட்சிக்காரர் முதன்முதல் வக்கீல் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து தம் கதையைச் சொல்லத் தொடங்கும் அந்த நாழிகையிலேயே அது தொடங்கிவிடுகிறது. வக்கீல் முதலில் ஒரு தாளை எடுத்து, இவ்வழக்கில் வெல்வதற்கு எந்தெந்த விஷயங்கள் ருஜுவாக வேண்டும் என்று வரிசையாக எழுத வேண்டும். ஒவ்வொன்றுக்கும் எதிரே, ருஜுச் சுமை யார் தலையில் இருக்கிறது, எந்தத் தஸ்தாவேஜு அதைக் காட்டும், எந்தச் சாக்ஷி அதைச் சொல்லுவார், எதிரி என்ன ஆக்ஷேபம் கூறுவான் என்பனவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். எதிரே ஒன்றும் எழுத முடியாமல் வெறுமையாக நிற்கும் இடமே வழக்கின் ஓட்டை. அதனைப் பிராது தாக்கல் செய்யுமுன் காண்பது வக்கீலின் கடமை. மூன்று வருஷங் கழித்து எதிர்க் கட்சி வக்கீல் அதனைக் கண்டுபிடித்துக் காட்டுவது கட்சிக்காரரின் துர்அதிர்ஷ்டம்.

அவ்விதம் எழுதிய விஷயங்கள் பிராதிலே இடம்பெற வேண்டும். பிராதில் சொல்லாத ஒரு விஷயத்துக்கு எவ்வளவு சாக்ஷியம் கொண்டுவந்து குவித்தாலும் நியாயஸ்தலம் அதனைக் கண்ணெடுத்துப் பார்க்கலாகாது என்று 1930-ஆம் வருஷத்திலேயே பிரிவி கவுன்ஸில் தீர்ப்புச் செய்திருக்கிறது. நமது சுப்ரீம் கோர்ட்டும் அதே வழியில் நின்று வருகிறது. நிலத்தின் மீது உரிமை கோரும் வாதி தன் பலத்தினால் வெல்ல வேண்டுமே யன்றிப் பிரதிவாதியின் பலவீனத்தினால் வெல்ல முடியாது என்பதும் பழைய விதி. எனினும் ‘என் பெயரில் பட்டா இருக்கிறது, தீர்வை ரசீது இருக்கிறது, வேறென்ன வேண்டும்?’ என்று கேட்கும் கட்சிக்காரர்களும், அவர்களுக்கு ஆமாம் போடும் வக்கீல்களும் உண்டு. பட்டா உரிமைப் பத்திரமாகாது. தீர்வை ரசீது அனுபவத்தைக் காட்டும் ஓர் அடையாளமேயன்றி உரிமையைத் தருவதில்லை. இவ்வுண்மையை முதல் நாளே எடுத்துச் சொல்லும் வக்கீல் கட்சிக்காரரின் முகம் சுளிப்பைச் சம்பாதிக்கக்கூடும். ஆனால் அவரே உண்மையான நண்பர்.

தஸ்தாவேஜுகளைப் பொறுத்தவரை நடைமுறைச் சட்டத்தின் விதி மிகத் தெளிவு. வாதி தாம் நம்பியிருக்கும் பத்திரங்களைப் பிராதோடும், பிரதிவாதி தம்முடையவற்றை எதிர் வழக்குரையோடும் தாக்கல் செய்ய வேண்டும். பின்னர்க் கொண்டுவருவதற்கு நியாயஸ்தலத்தின் அனுமதி தேவை. ‘பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்னும் ஒரு சொல்லே எத்தனையோ வழக்குகளின் யமனாக முடிந்திருக்கிறது. மூலம் கிடைக்குமாயின் மூலத்தையே காட்ட வேண்டும். மூலம் தொலைந்ததென்றால், எங்கே இருந்தது, எப்படித் தொலைந்தது, எங்கெல்லாம் தேடினோம் என்பதைச் சாக்ஷியத்தால் நிறுவிய பிறகே நகலுக்கு வழி பிறக்கும். மூலம் எதிரியிடம் இருந்தால், அதைக் கோர்ட்டில் ஆஜர் செய்யும்படி முறைப்படி அறிவிப்புக் கொடுக்க வேண்டும். இவ்வடித்தளத்தை அமைக்காமல் ஜெராக்ஸ் பிரதியை நீட்டிவிட்டு, நீதிபதி ஏற்கவில்லையே என்று நொந்துகொள்வதில் பயனில்லை.

முப்பது வருஷத்துக்கு மேற்பட்ட பத்திரம் தானே ருஜுவாகிவிடும் என்ற தவறான எண்ணம் நாஞ்சில் நாட்டில் மிகுதி. பழம் பத்திரங்கள் மிகுந்த நாடல்லவா! பழைய சட்டத்தின் 90-வது பிரிவும், அதன் வழிவந்த புதிய சட்டத்தின் 92-வது பிரிவும் சொல்வதென்ன? அத்தகைய பத்திரம் இருக்க வேண்டிய இடத்திலிருந்து வந்திருக்குமாயின், அதிலுள்ள கையெழுத்தும் அது எழுதி நிறைவேற்றப்பட்ட செய்தியும் உண்மையென்று நியாயஸ்தலம் அநுமானிக்கலாம் என்பதே. அநுமானித்தே தீர வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. பத்திரத்தில் எழுதியிருப்பதெல்லாம் சத்தியம் என்றும் சொல்லவில்லை. உயிலுக்கோ இவ்வநுமானம் பொருந்தவே பொருந்தாது என்று சுப்ரீம் கோர்ட் 2008-ஆம் வருஷத்தில் தீர்ப்பளித்திருக்கிறது. உயிலின் சாக்ஷிக் கையெழுத்துக்காரர் ஒருவராவது உயிரோடிருந்து கிடைப்பாராயின் அவரைக் கூண்டில் ஏற்றியே ஆகவேண்டும். தொண்ணூறு வயதுச் சாக்ஷி ஒருவர் இருக்கிறார் என்று அறிந்தும், விசாரணை வரட்டும் என்று காத்திருந்து, அவருடைய மரணச் சான்றிதழைத் தாக்கல் செய்யும் வக்கீலைப் பற்றி என்ன சொல்வது? அத்தகையவரை முன்கூட்டியே கமிஷன் மூலம் விசாரிக்க வழியிருக்கிறது.

ஆக்ஷேபிப்பதற்கும் காலமுண்டு. பத்திரம் குறியிடப்படும்போது மௌனமாக இருந்துவிட்டு, அப்பீலில் வந்து ‘அது நகல், மூலமன்று’ என்று முழங்குவது பயனற்றது. 2003-ஆம் வருஷத்தில், தமிழ்நாட்டிலிருந்து சென்ற வெங்கடாசல கவுண்டர் வழக்கில் சுப்ரீம் கோர்ட் இதை வெகு தெளிவாக விளக்கியது. பத்திரமே சாக்ஷியமாக ஏற்கத் தகாதது என்னும் ஆக்ஷேபம் ஒருவகை. பத்திரம் ஏற்கத்தக்கதுதான், ஆனால் ருஜுச் செய்த முறை தவறு என்னும் ஆக்ஷேபம் மற்றொரு வகை. பின்னதை உடனே சொல்ல வேண்டும். சொன்னால் எதிர்க் கட்சி குறையை அப்போதே நிவர்த்தித்துக்கொள்ளும். சொல்லாவிடில் உரிமை கைவிட்டுப் போகும். முத்திரைத் தீர்வைக் குறைவைப் பற்றிய ஆக்ஷேபமும் அவ்வாறே அந்தக் கணத்தில் கூறப்பட வேண்டியது. கூண்டுக்கருகில் நிற்கும் வக்கீல் தூங்கினால் சட்டமும் அவருக்காக விழித்திராது.

எல்லைத் தகராறுகளிலோ வாய்ச் சாக்ஷிகள் பத்துப் பேரைக் காட்டிலும், சர்வேயரோடு சென்று அளந்த ஒரு கமிஷனரின் அறிக்கையும் வரைபடமும் மேலானவை. மறு நில அளவையால் பழைய சர்வே நம்பர்கள் மாறியிருக்கும் கிராமங்களில், பழைய நம்பரையும் புதிய நம்பரையும் பொருத்திக் காட்டும் ரிக்கார்டு இல்லாமல் பிராது போடுவது, விலாசமில்லாத கடிதத்தைத் தபாலில் சேர்ப்பது போலாகும். கமிஷனர் பூமியின் கிடக்கையைக் கண்டு சொல்பவர். அனுபவம் யாருடையது என்று ஊராரை விசாரித்துத் தீர்ப்புச் சொல்பவரல்லர். இவ்வேறுபாட்டை மறந்து மனுச் செய்கிறவர்கள் மனுவையும் இழக்கிறார்கள், காலத்தையும் இழக்கிறார்கள்.

சாக்ஷிகளின் விஷயத்துக்கு வருவோம். 2002-ஆம் வருஷத்திலிருந்து முதல் விசாரணை பிரமாணப் பத்திர ரூபமாக நடைபெறுகிறது. இதனால் கோர்ட்டின் காலம் மிச்சமாயிற்று. கூடவே ஓர் அபாயமும் புகுந்தது. பிரமாணப் பத்திரம் வக்கீலின் நடையில், வக்கீலின் சொற்களில் எழுதப்படுகிறது. கையெழுத்திடும் பெரியவரோ அதை முழுதும் கேட்டறியாமலே ஒப்பமிடுகிறார். குறுக்கு விசாரணையில், ‘இரண்டாவது பாராவில் சொல்லியிருப்பதன் அர்த்தம் என்ன?’ என்ற ஒரு கேள்வியில் கட்டடம் முழுவதும் சரிந்துவிடுகிறது. சாக்ஷி தன் கண்ணால் கண்டதைத் தன் வாய்ச் சொல்லில் சொல்லட்டும். அதை ஒழுங்குபடுத்தி எழுதுவது வக்கீலின் வேலை. காணாததைச் சேர்த்து எழுதுவதும், சொல்லிக் கொடுத்துப் பாடம் ஒப்பிக்கச் செய்வதும் தொழிலுக்குத் துரோகம். கட்சிக்காரர் தாமே கூண்டேறாமல் முக்தியார்காரரை அனுப்பிவிட்டு ஒதுங்குவதும் கூடாது. தமக்கே தெரிந்த விஷயத்தைத் தம் ஸ்தானத்தில் முக்தியார் சாக்ஷி சொல்ல முடியாது என்பது 2004-ஆம் வருஷத்திலும், கூண்டேறாத கட்சிக்காரருக்கு விரோதமாக அநுமானம் கொள்ளலாம் என்பது 1999-ஆம் வருஷத்திலும் சுப்ரீம் கோர்ட்டினால் விளக்கப்பட்டவை. மஸ்கட்டிலும் துபாயிலும் பணிபுரியும் பிள்ளைகளைக் கொண்ட நம் ஜில்லாவில் இவ்விதியைக் கவனியாதவர்கள் பெரும் நஷ்டமடைவார்கள்.

குறுக்கு விசாரணையைப் பற்றி நீண்ட வியாசம் எழுத இடமில்லை. எதிர்ச் சாக்ஷியை அதட்டுவது திறமையன்று. கேட்க வேண்டியது எது என்பதைக் காட்டிலும், கேட்காமல் விட வேண்டியது எது என்பதை அறிவதே திறமை. அவர் முன்பு எழுத்தில் சொன்னதற்கும் இப்போது சொல்வதற்கும் முரண் இருக்குமாயின், அவ்வெழுத்தை அவருக்குக் காட்டி விளக்கம் கேட்க வேண்டும். காட்டாமல் வாதத்தின்போது எடுத்து வீசுவது சட்டத்துக்கும் புறம்பு, நேர்மைக்கும் புறம்பு. நம் கட்சியின் வழக்கு இன்னதென்பதை எதிர்ச் சாக்ஷியிடம் நேராக எடுத்துரைத்து மறுக்கவோ ஒப்பவோ செய்வதும் இன்றியமையாதது.

இக்காலத்தில் பெட்டியிலுள்ள ஓலையோடு சட்டைப் பையிலுள்ள டெலிபோனும் சாக்ஷியாகிவிட்டது. வளைகுடா நாட்டிலிருந்து தம்பி அனுப்பிய பணத்தில் அண்ணன் தன் பெயரில் மனை வாங்கினான் என்று வைத்துக்கொள்வோம். பாங்கிக் கணக்கும், வாட்ஸ்அப்பில் இருவரும் எழுதிக்கொண்டவையுமே தம்பிக்கு ஆதாரம். அவற்றைக் காகிதத்தில் அச்சிட்டுக் கொடுத்தால் போதாது. புதிய சட்டத்தின் 63-வது பிரிவு வகுத்த சான்றிதழ், கட்சிக்காரர் ஒரு பகுதியும் நிபுணர் ஒரு பகுதியுமாகப் பூர்த்தி செய்து, உடனிருக்க வேண்டும். பழைய சட்டத்தின் கீழ் இத்தகைய சான்றிதழ் அவசியமே என்று 2020-ஆம் வருஷத்தில் சுப்ரீம் கோர்ட் முடிவாகத் தீர்த்தது. அதனை வைத்திருப்பவர் தர மறுத்தால் நியாயஸ்தலத்தின் உத்தரவைப் பெறலாம் என்ற வழியையும் காட்டியது. டெலிபோனை மாற்றிவிட்டுப் பிறகு வக்கீலிடம் ஓடுவது, ஓலையைக் கிழித்துவிட்டுச் சபைக்குப் போவது போலத்தான்.

இவ்விஷயத்தில் பெண்களின் நிலைமையே நமக்கு மிகுந்த கவலையைத் தருகிறது. பிதுரார்ஜிதத்தில் பெண் மக்களுக்குச் சம உரிமை தமிழ்நாட்டில் 1989-ஆம் வருஷத்திலும் இந்தியா முழுவதற்கும் 2005-ஆம் வருஷத்திலும் வழங்கப்பட்டது. சட்டம் வந்தது, ஆனால் பத்திரப் பெட்டியின் சாவி அண்ணனிடம் இருக்கிறது! ‘முன்னமே வாய்மொழியாகப் பாகம் பிரித்தாகிவிட்டது’ என்று ஒரு பதிலை எழுதிவிட்டால் தங்கை எங்கே போவாள்? அவளுடைய வக்கீல் இங்கேதான் தம் கல்வியைக் காட்ட வேண்டும். பதிவாபீஸிலிருந்து சான்றிட்ட நகல்களைப் பெறலாம். வில்லங்கச் சான்று பெறலாம். பெட்டியிலுள்ள மூலத்தை ஆஜர் செய்ய அறிவிப்புக் கொடுக்கலாம். சிறந்த சாக்ஷியத்தைக் கைவசம் வைத்துக்கொண்டு மறைப்பவனுக்கு எதிராக அநுமானம் கொள்ளலாம் என்பது 1968-லேயே சுப்ரீம் கோர்ட் வகுத்த நெறி. வாய்மொழிப் பாகப்பிரிவினை என்னும் வாதத்தைப் பொதுத் தஸ்தாவேஜுகளின் ஆதரவின்றி எளிதில் ஏற்கலாகாது என்று 2020 ஆகஸ்டில் அதே கோர்ட் எச்சரித்தது. பொருள் வசதியில்லாத பெண்மணி வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லையென்று ஒதுங்க வேண்டுவதில்லை. 1987-ஆம் வருஷத்துச் சட்டப்படி பெண்கள் அனைவரும் இலவசச் சட்ட உதவிக்கு உரியவர்களே.

‘கட்சிக்காரர்கள் எங்களிடம் உண்மையைச் சொல்வதில்லை, பத்திரத்தைக் கடைசி நேரத்தில் கொண்டுவருகிறார்கள், நாங்கள் என்ன செய்வோம்?’ என்று வக்கீல்கள் முறையிடலாம். அம்முறையீட்டில் உண்மை இல்லாமலில்லை. தமக்குப் பாதகமான பத்திரத்தைத் தம் வக்கீலிடமே மறைப்பது நம் ஜனங்களிடம் உள்ள ஒரு பெருங் குறை. மறைத்தால் என்ன நேரும் என்பதற்கு வழக்கொன்றே சாக்ஷி. செங்கல்வராய நாயுடு வழக்கிலே, தம் முதலாளிக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்ட ஒருவர், அதனைச் சொல்லாமல் மறைத்து அதே சொத்தில் பாக டிக்ரி பெற்றார். உண்மை வெளிப்பட்டது. மறைத்தது குற்றமன்று என்று ஹைகோர்ட் கருதியபோதிலும், 1993-ஆம் வருஷத்தில் சுப்ரீம் கோர்ட், முக்கியமான பத்திரத்தை மறைத்துப் பெற்ற டிக்ரி நியாயஸ்தலத்தின்மீதே செய்த மோசடி என்றும், அது செல்லாதென்றும் தீர்ப்பளித்தது. மறைக்கப்பட்ட பத்திரம் என்றேனும் ஒருநாள் பேசும். ஆகையால் பாதகமான தஸ்தாவேஜை முதலில் காட்டும்படி கட்சிக்காரரை வற்புறுத்துவதும், அதற்குச் சமாதானம் உண்டாயின் வழக்கை நடத்துவதும், இல்லாவிடில் சமரசத்துக்கு வழிசொல்வதுமே வக்கீலின் தர்மம்.

சாக்ஷியத்தின் வலிமையை நாஞ்சில் நாட்டாருக்கு நாம் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. இந்த ஜில்லா தமிழகத்தோடு இணைந்த வரலாறே ஒரு பெரிய வியாஜ்யந்தானே! அவ்வியக்கத்தின் தலைவராக விளங்கிய நேசமணி நாகர்கோவிலில் தொழில் நடத்திய வக்கீல். துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானவர்களின் தியாகம் ஒருபுறமிருக்க, ராஜ்யப் புனரமைப்புக் கமிஷன் 1955-இல் தன் அறிக்கையைத் தந்தபோது, தாலுக்காதோறும் வழங்கும் மொழிக் கணக்கு அதன் முன் பெருஞ் சாக்ஷியாக நின்றது. நான்கு தாலுக்காக்களும் வந்தன. தேவிகுளம், பீர்மேடு தாலுக்காக்களிலும் தமிழர் தொகை மிகுதியாகவே இருந்தது. ஆயின் அவர்களுள் தோட்ட வேலைக்கு வந்துபோவோரும் உண்டென்று கூறிக் கமிஷன் அவற்றைத் தர மறுத்தது. அம்முடிவு நியாயமா என்பது வேறு விவாதம். எண் மட்டும் போதாது, அந்த எண்ணின்மீது எதிரி எழுப்பும் ஆக்ஷேபத்துக்கும் முன்கூட்டியே விடை தயாராக வேண்டும் என்னும் பாடத்தை அதனின்றும் கற்றுக்கொள்ளலாம்.

ஆகவே நாம் வேண்டுவன சிலவே. நம் ஜில்லாவின் வக்கீல் சங்கங்கள், கொல்லம் ஆண்டுக் கணக்கையும், திருவிதாங்கூர் ரெவினியூ ரிக்கார்டுகளையும், பழைய மலையாளப் பத்திரங்களையும் வாசிக்க இளம் வக்கீல்களுக்கு வகுப்பு நடத்த வேண்டும். இவற்றில் தேர்ந்த முதியவர்கள் இன்னும் சிலர் இருக்கும்போதே இது நடைபெற வேண்டும். சர்க்கார், பழைய நம்பருக்கும் புதிய நம்பருக்கும் உள்ள பொருத்தப் பட்டியலைக் குடிகள் எளிதில் பெறச் செய்ய வேண்டும். ஜனங்களோ, வழக்கு வந்த பிறகு பரணில் ஏறாமல், இன்றே ஏறுவார்களாக. பெட்டியைத் திறந்து, பத்திரங்களைப் பட்டியலிட்டு, பதிவாபீஸ் நகல்களை வாங்கி வைத்து, பெண் மக்களுக்கும் அதன் ஒரு பிரதியைக் கொடுப்பார்களாக. அவ்விதம் செய்யும் குடும்பங்களில் வியாஜ்யங்கள் தாமே குறையும். தப்பித்தவறி வழக்கு நேர்ந்தாலும், உண்மை உடையவன் அதனைச் சபையில் எடுத்து நிறுத்த வல்லவனாவான். ‘எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா?’ என்பது நம் முன்னோர் கேட்ட கேள்வி. எழுதி வைத்தும் காட்டத் தெரியாதவன் அழுதாலும் தீராது என்பதை நாம் அதனோடு சேர்த்துக் கூறி முடிக்கிறோம்.